பானெட்டும் என் சிவப்பு மையும்



போன வாரம் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். நலம் விசாரித்து முடித்ததும், "சார், பானெட் ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தார். எனக்கு நினைவில்லை. அவர்தான் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரையில், ஸ்காட்லாந்து வீரன் நீல நிற பானெட் அணிந்திருந்தான் என்று எழுதியிருக்கிறார். நூலகத்துக் கதைப் புத்தகம் ஒன்றில் படித்தது. நான் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'இது பெண்கள் அணிவது' என்று ஓரத்தில் எழுதி, அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். வகுப்பே சிரித்ததாம்.

அவர் எழுதியது சரி. நான்தான் தவறு. வகுப்பில் நடந்த தவறு என்பதால், எல்லோர் முன்னிலும் திருத்திவிடுகிறேன்.

பானெட் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். இங்கிலாந்தில் அது நாளடைவில், தாடைக்குக் கீழே நாடா கட்டிக்கொள்ளும் பெண்கள் தொப்பியைக் குறிக்கலாயிற்று. நான் படித்ததும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். ஸ்காட்லாந்தில் அது ஆண்களின் தொப்பியாகவே நின்றது. விளிம்பு இல்லாத, தட்டையான, வட்டமான கம்பளித் தொப்பி. அவர்கள் பேச்சில் 'பன்னட்'.

முதலில் தலைக்குப் பொருந்தாத அளவு பெரிதாகப் பின்னுவார்கள். பிறகு நனைத்து அடித்து அடித்துச் சுருங்க வைப்பார்கள். கம்பளி இறுகித் தடித்து, குளிருக்கும் தூறலுக்கும் தாங்கும். பெரும்பாலும் நீலச் சாயம்: முதலில் வோட் என்ற செடியிலிருந்து, பின்னாளில் நம் அவுரியிலிருந்தும். டண்டீ, கில்மார்னாக், ஸ்டூவர்டன் ஊர்களில் இது பெரிய தொழில். ஸ்டூவர்டனுக்கு இன்றும் 'பானெட் ஊர்' என்றே பட்டப்பெயர்.

அரசரும் அணிந்ததுதான். ஐந்தாம் ஜேம்ஸ் 1539-ல் வெளியிட்ட பொற்காசில் அவர் தலையில் பானெட் இருப்பதால், அந்தக் காசுக்கே 'பானெட் காசு' என்று பெயர். பிறகு பெரிய மனிதர்கள் விளிம்பு வைத்த தொப்பிக்கு மாறிக்கொண்டார்கள். பானெட் உழவன் தலையில் தங்கியது. 'பானெட் லெயர்ட்' என்று ஒரு சொல் உண்டு. லெயர்ட் என்றால் நிலக்கிழார். பேருக்கு நிலக்கிழார், ஆனால் தன் சிறு நிலத்தைத் தானே உழுபவர், குடியானவனைப் போலவே பானெட் போடுபவர். நம் ஊரிலும் அப்படிப்பட்ட மிராசுதார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

1638-ல் தங்கள் திருச்சபையில் மன்னர் தலையிடக் கூடாது என்று ஸ்காட்லாந்து மக்கள் உடன்படிக்கை எழுதினார்கள். 1640-ல் அவர்கள் படை எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைந்தது. 'நீல பானெட்டுகள்' என்றாலே ஸ்காட்லாந்துப் படை என்று பொருளாயிற்று. 1745-ல் ஸ்டூவர்ட் வம்சத்துக்காக எழுந்தவர்கள் அதே நீலத் தொப்பியில் வெள்ளை நாடாப் பூவைக் குத்திக்கொண்டார்கள். மறு வருடம் ஏப்ரலில் கலோடன் களத்தில் தோற்றார்கள்.

அதன்பின் வந்த சட்டம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். 1782 வரை அது நீடித்தது. கில்ட், தோள் போர்வை என்று சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அதில் பானெட்டின் பெயர் இல்லை. அது மலைநாட்டார் தலையில் மட்டும் இருந்த பொருளல்ல, சமவெளிக் குடியானவனும் அணிந்தது.

ராபர்ட் பர்ன்ஸ் 1790-ல் எழுதிய கதைப்பாடலின் நாயகன் டாம் ஓ ஷாண்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் பெயரே அந்தத் தொப்பிக்கு வந்துவிட்டது. அந்த வடிவில் இருப்பதால்தான் கரீபியத் தீவுகளின் காரமான மிளகாய்க்கு 'ஸ்காட்ச் பானெட்' என்று பெயர். கிளாஸ்கோ தொழிலாளியின் முன்பக்க விளிம்புத் தொப்பியும் பின்னாளில் பன்னட் ஆனது. 1994-ல் செல்டிக் கால்பந்துக் கழகத்தைக் கையில் எடுத்த ஃபெர்கஸ் மெக்கான் அதை அணிந்தே வலம்வந்ததால், ரசிகர்களுக்கு அவர் 'பன்னட்' தான். நம் மெக்கானிக் "பானெட்டைத் தூக்குங்க" என்கிறாரே, அதுவும் இதே சொல்தான்.

ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் உடன்பிறப்பு மொழி. ஆனால் அதைக் கொச்சை ஆங்கிலம் என்று நினைத்து, வகுப்பில் பேசிய பிள்ளைகளைத் தோல்வாரால் அடித்த ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மொழியைப் பேசுவோம் என்று சொன்னார்கள். அடியெல்லாம் தாங்கி மொழி பிழைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது என் சிவப்பு மைதான் கண்ணில் வந்தது. ஓர் ஊரின் அகராதியை வைத்து இன்னோர் ஊரின் சொல்லை அடித்தேன். பையன் எங்கே படித்தான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பிள்ளை எழுதியது புதிதாகத் தெரிந்தால், அடிக்கும் முன் கேளுங்கள்.

தம்பி, அந்த அரை மதிப்பெண்ணை இன்று திருப்பித் தந்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியர்