மெக்கன்சி சுவடிகளின் விலை

இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த காலின் மெக்கன்சி 1821 மே 8ஆம் நாள் காலமானார். அவர் விட்டுச்சென்ற தொகுப்பில் 1,568 இலக்கியச் சுவடிகளும் 8,076 கல்வெட்டுப் படிகளும் இருந்தன. ஊர் வரலாறுகளான கைபீதுகள், ஓவியங்கள், நாணயங்கள் தனி. இவை அனைத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி அவருடைய மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய், அதாவது 10,000 பவுண்டு, கொடுத்து வாங்கியது. தென்னிந்திய வரலாறு பயில்வோர் பலரும் அறிந்த செய்திதான் இது. எனினும் இதற்குள் இருக்கும் வினாவைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறோம். தன்னிடம் சம்பளம் பெற்ற ஊழியர், தன் அளவைப் பணிக்காகச் சென்ற ஊர்களில், தன் அதிகாரத்தின் நிழலில் நின்று திரட்டியவற்றை ஒரு முதலாளி ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

இன்றைய பணிநியமனக் கடிதங்களில் ஊழியர் பணிக்காலத்தில் உருவாக்குவன யாவும் நிறுவனத்துக்கே உரியவை என்ற வாசகம் சாதாரணமாகக் காணப்படுகிறது. கம்பெனியிடமும் உடன்படிக்கைப் பத்திரங்கள் இருந்தன. ஆனால் அவற்றின் கவலை வேறு. 1744இல் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவுக்கு எழுத்தர் என்ற நிலையில் ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு. அத்தொகையில் எவரும் வாழ இயலாது என்பதைக் கம்பெனி அறிந்தே இருந்தது. ஆகவே ஆசியத் துறைமுகங்களுக்கு இடையிலான வணிகத்தை ஊழியர்களுக்கு விட்டுக்கொடுத்து, ஐரோப்பாவுக்கான வணிகத்தைப் பெரும்பாலும் தனக்கென வைத்துக்கொண்டது. குறைந்த சம்பளமும் பக்கத்தொழில் அனுமதியும் ஒரே கணக்கின் இரு பத்திகள். எல்லை மீறியோர் பதவி இழந்ததும் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் எலிகு யேல் 1692இல் நீக்கப்பட்டபோது, பதவியைக் கொண்டு சொந்த ஆதாயம் தேடினார் என்பதே அவர் மீதிருந்த முதன்மையான குற்றச்சாட்டு. (அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இன்று தாங்கி நிற்கும் பெயர் இவருடையதே.) காரன்வாலிஸ் காலத்தில்தான் சம்பளத்தை உயர்த்திச் சொந்த வணிகத்துக்குத் தடை விதிக்கும் ஏற்பாடு உறுதிப்பட்டது.

துணியும் வைரமும் விற்பவரைத் தடுக்க விதி இருந்தது. அறிவைத் திரட்டுபவரைப் பற்றி விதி எதுவும் இல்லை. மெக்கன்சி நின்ற இடம் இந்த வெற்றிடம்.

1783இல் சென்னை வந்த அவர், 1799க்குப் பின் மைசூர் அளவைப் பணியை ஏற்றார். நிலத்தை அளப்பது கம்பெனியின் வேலை. கோயில்தோறும் கல்வெட்டைப் படியெடுத்ததும், கணக்குப்பிள்ளைகளிடமிருந்தும் மடங்களிலிருந்தும் ஏடுகளைப் பெற்றதும் அவருடைய சொந்த ஆர்வம். இதற்காக அவர் செலவழித்த சொந்தப் பணம் 15,000 பவுண்டுக்கு மேல் இருக்கும் என்று அவருடைய நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பின்னாளில் மதிப்பிட்டார். லண்டன் இயக்குநர்களும் இம்முயற்சியை அறிந்திருந்தனர். 1810இல் அதனைப் பாராட்டி எழுதினர். அறிந்தும் தடுக்காமல், செலவையும் முழுதாக ஏற்காமல் இருந்த முதலாளிக்கு, உரிமை கோரும் தகுதி குறைகிறது. அந்தப் பத்தாயிரம் பவுண்டை விதவைக்கு அளித்த உதவி என்று கருதுவதைவிட, உரிமையின் மறைமுக ஒப்புதல் என்று கொள்வதே பொருந்தும்.

ஆனால் மெக்கன்சிக்குத் தெலுங்கோ தமிழோ கன்னடமோ வாசிக்கத் தெரியாது. ஏடுகளைத் தேடியவர்களும் படித்தவர்களும் மொழிபெயர்த்தவர்களும் அவருடைய உதவியாளர்கள். அவர்களுள் தலையாயவர் காவலி வெங்கட போரய்யா. 1803இல் அவர் இளவயதில் இறந்ததும் தம்பி லட்சுமய்யா அப்பொறுப்பை ஏற்றார். தாமஸ் ஹிக்கி 1816இல் தீட்டிய ஓவியத்தில் சிவப்பு அங்கியில் மெக்கன்சி நடுவே நிற்கிறார். சுற்றி மூன்று இந்தியர்கள் நிற்கின்றனர். ஒருவர் கையில் ஏடு இருக்கிறது.

முதலாளிக்கும் மெக்கன்சிக்கும் இடையே எழுந்த அதே வினா, மெக்கன்சிக்கும் இவர்களுக்கும் இடையே எழவே இல்லை. விற்பனைத் தொகை மெக்கன்சி குடும்பத்துக்குச் சென்றது. லட்சுமய்யா அப்பணியைத் தாமே தொடர விழைந்து 1830களில் விண்ணப்பித்தபோது, அதற்குரிய தகுதி அவருக்கில்லை என்று வங்காள ஆசியக் கழகத்தினர் கருதினர். ஏடுகளை ஆராயும் வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போயிற்று. முப்பதாண்டு அனுபவத்தைத் தகுதியின்மை என்று வாசிக்க முடிந்த காலம் அது.

சகோதரருள் இன்னொருவரான ராமசாமி வேறு வழி கண்டார். தக்காணக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி 1829இல் கல்கத்தாவில் தம் பெயரிலேயே நூலாக வெளியிட்டார். பணியில் பெற்ற அறிவைத் தமக்கெனப் பயன்படுத்திய ஊழியர் என்று அவரைச் சொல்லலாம். அன்று அதைத் தடுக்கும் வாசகம் எவர் கையிலும் இல்லை.

இன்று இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணி ஒப்பந்தத்தின்கீழ் பணியின் போக்கில் உருவான படைப்பின் முதல் உரிமையாளர் முதலாளியே. வழக்குகளின் முடிச்சு ‘பணியின் போக்கில்’ என்ற தொடரில்தான் இருக்கிறது. மெக்கன்சியின் தொகுப்பு அதற்குள் அடங்குமா என்று வாதிட்டால் இரு பக்கமும் வலுவாகவே பேசலாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமோ ஊழியர் கண்டுபிடிப்பு யாருக்குரியது என்பதற்குத் தனிப்பிரிவு வகுக்கவில்லை. பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய பிரிவு உண்டு. ஆகவே இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பணியில் இருக்கும்வரை போட்டித் தொழில் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. பணி முடிந்த பிறகும் தொடரும் தடையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பொதுவாக ஏற்பதில்லை.

அரசு ஊழியர் நிலை இன்னும் இறுக்கமானது. அந்தமானை எடுத்துக்கொள்வோம். அத்தீவுகளில் அளவைப் பணி செய்த கோல்புரூக் என்ற கம்பெனி அதிகாரி, தாம் திரட்டிய தீவுச் சொற்பட்டியலை 1795இல் ஆசியக் கழக இதழில் தம் பெயரில் வெளியிட்டார். சொற்களைச் சொன்ன தீவினரின் பெயர் அதில் இல்லை. இன்று ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்னைய போர்ட் பிளேர்) மின்னி பே பகுதியில் குடியிருக்கும் ஒன்றிய அரசு ஊழியர் ஒருவர், மாலை வேளைகளில் நிக்கோபாரிச் சொற்களைத் திரட்டிக் கைபேசிச் செயலி செய்து விற்கிறார் என்று கொள்வோம். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15ஆம் விதி, அவ்வப்போதைய இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு முன்னனுமதி கேட்பதில்லை, வணிகத்துக்குக் கேட்கிறது. சொற்களைத் திரட்டும்வரை அவர் முதல் வகையில் இருக்கிறார், செயலிக்கு விலை வைத்த நாளில் இரண்டாம் வகைக்கு மாறிவிடுகிறார். ஆராய்ச்சியே அவருடைய அலுவல் எனில் அடிப்படை விதி 48-அ குறுக்கிடும்: குடியரசுத் தலைவரின் அனுமதியின்றித் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரக் கூடாது, பிறரைக் கொண்டு கோரவும் கூடாது.

மெக்கன்சி தொகுப்பின் தென்னிந்திய மொழிச் சுவடிகள் 1828இல் சென்னைக்குத் திரும்பின. அவற்றின் பெரும்பகுதி இன்று சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. நாமும் அவற்றை மெக்கன்சி சுவடிகள் என்றே அழைக்கிறோம்.