மது, பனிக்கட்டி, சர்பத்து: பினாங்கின் குளிர்பான வரலாற்றில் தமிழர்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றில் குடிபானம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கள்ளே முன்வந்து நிற்கிறது. தோட்டத் தொழிலாளரின் வறுமைக்கும் கடனுக்கும் குடும்பச் சிதைவுக்கும் அது காரணமாகக் காட்டப்பட்டது. அதற்கு எதிராக எழுந்த போராட்டங்கள் தொழிலாளர் இயக்க வரலாற்றின் பகுதியாயின. ஆயினும், வெப்ப நாட்டில் உழைத்து வாழ்ந்த மக்கள் வெயிலைத் தணித்துக்கொள்ள எவற்றைக் குடித்தனர், அவற்றைக் குளிர்விக்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை.

திராட்சை மதுவைப் பழத்தோடும் பனிக்கட்டியோடும் சேர்த்தரைத்துப் பனிக்கூழாக அருந்தும் வழக்கம் இன்று உலகின் சுற்றுலா நகரங்கள் பலவற்றில் பரவியுள்ளது. இது அண்மைக்காலப் புதுமையாகத் தோன்றினும் இதன் மூன்று கூறுகளாகிய மது, பனிக்கட்டி, சர்பத்து ஆகியவை தனித்தனியே நீண்ட வரலாறு உடையவை. அம்மூன்று வரலாறுகளும் பினாங்குத் தீவில் தமிழர் வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. குளிர்ச்சி என்பது ஒரு காலத்தில் வகுப்பு வேறுபாட்டின் அடையாளமாக இருந்து, பின்னர்த் தெருவோர வணிகரின் கையால் பொதுவுடைமையானதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்க காலத் தேறல்

தமிழர்க்கு அயல்நாட்டுத் திராட்சை மது புதிதன்று. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல், யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்டும் காட்சியைக் காட்டுகிறது. அத்தேறலுக்குப் புலவர் தரும் அடைமொழிகள் குளிர்ச்சியும் மணமும் ஆகும். 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் இவ்விலக்கியச் சான்றுக்கு வலுவூட்டுகின்றன.

உள்நாட்டு மது வகைகளை நிலத்தில் புதைத்தும் மூங்கில் குழாய்களில் நிரப்பியும் முதிரவைத்த முறையையும் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. மண்ணின் அடியிலுள்ள தட்பம் மதுவைக் காக்கும் என்னும் பட்டறிவு அக்காலத் தமிழர்க்கு இருந்தது என இதனால் அறியலாம். பனிக்கட்டி இல்லாத நாட்டில் மண்ணும் மட்பாண்டமுமே குளிர்ச்சிக்குரிய கருவிகளாக இருந்தன. மட்பாண்டத்தின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது. இம்முறை பினாங்கிற்குக் குடிபெயர்ந்த தமிழரோடும் வந்தது.

கள்ளும் காலமும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய சில ஆண்டுகளிலேயே சோழியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரும் தென்னிந்தியத் தொழிலாளரும் அங்குப் பெருகினர். சூலியாத் தெருவும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் அமைந்த குயீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் அக்குடியேற்றத்தின் சான்றுகள். குடியேற்ற அரசு தன் வருவாயின் பெரும்பகுதியைக் குத்தகை முறையில் ஈட்டியது. அபினி, சாராயம், கள் ஆகியவற்றை விற்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. மக்களின் தாகம் அரசின் கருவூலத்தை நிரப்பிய வரலாறு இவ்வாறு தொடங்கியது.

கள்ளின் இயல்பை இங்குக் கருதுதல் வேண்டும். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் பதநீர் சர்க்கரைச் சத்து மிகுந்தது. கலயத்தில் விழுந்த கணமே காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்கள் அச்சர்க்கரையை மதுசாரமாக மாற்றத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் மதுசாரம் 4 அல்லது 5 விழுக்காட்டை எட்டுகிறது. ஒரு நாள் கடந்தால் புளித்துக் காடியாகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீராகவே நிற்கும். குளிர்ச்சியும் நொதித்தலை மட்டுப்படுத்தும்.

திராட்சை மதுவோ 12 விழுக்காடு அளவிலான மதுசாரமும் இயற்கைப் புளிப்பும் பெற்று, அடைத்த குப்பியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கடல் கடந்தும் செல்லும். கள்ளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இறக்கிய இடத்திலேயே, இறக்கிய நாளிலேயே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம் அது. இக்காரணத்தால் மரமும் கடையும் தொழிலாளர் குடியிருப்பும் ஒரே தோட்ட எல்லைக்குள் அமைவது தோட்ட நிர்வாகத்திற்கு எளிதாயிற்று. வேலை முடிந்த மாலைப்பொழுதில், வெதுவெதுப்பான கள்ளை, முதலாளி நடத்தும் கடையிலேயே குடிக்கும் நிலை தொழிலாளிக்கு ஏற்பட்டது.

கடல் கடந்த பனிக்கட்டி

இதே காலத்தில் ஆட்சியாளரின் மேசைக்குக் குளிர்ச்சி வேறு வழியில் வந்தது. பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்பார் குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் அவர் அனுப்பிய முதல் சரக்கு நான்கு மாதப் பயணத்தின்பின் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் எஞ்சியது. சென்னையில் 1842 அளவில் கடற்கரையை அடுத்துப் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்று எழுந்தது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் புகழ்பெற்ற அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படினும், அப்பகுதி மக்கள் வழக்கில் ஐஸ் ஹவுஸ் என்றே வழங்குகிறது. பினாங்கோடு நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாயிருந்த சிங்கப்பூரில் வாம்போவா எனப்பட்ட ஹூ ஆ கேயும் பங்காளியும் 1854இல் பனிக்கட்டிக் கிடங்கு தொடங்கினர். வாங்குவோர் குறைவாக இருந்ததால் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

ஏரிப் பனிக்கட்டியை வாங்கியோர் பெரும்பாலும் ஐரோப்பியரே. திராட்சை மதுவைக் குளிர்விப்பது அதன் தலையாய பயன்களுள் ஒன்றாக இருந்தது. பனிக்கட்டி வருமுன் கீழை நாடுகளில் அவர்கள் விரும்பிய கலவைப் பானம் பஞ்ச் ஆகும். சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, நீர், மணப்பொருள் ஆகிய ஐந்தின் கூட்டே அது என்றும், ஐந்து என்னும் பொருள்தரும் இந்தியச் சொல்லே அதன் பெயராயிற்று என்றும் பரவலாகக் கருதப்படுகிறது. இந்திய மண்ணின் பொருள்களால் ஆன இக்கலவைக்குப் பனிக்கட்டி சேர்ந்தபோது பிற்காலக் குளிர்மதுக் கலவைகளுக்கு வழி பிறந்தது. 1880களில் சார்க்கீஸ் உடன்பிறப்புகள் பினாங்குக் கடற்கரையில் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் தங்கும் விடுதி போன்ற இடங்கள் இவ்வழக்கத்தின் நிலைக்களன்களாயின.

இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்ததும் ஏரிப் பனிக்கட்டி வணிகம் நலிந்தது. சென்னையில் 1874இல் தோன்றிய பனிக்கட்டி ஆலை இம்மாற்றத்தைக் காட்டும் எடுத்துக்காட்டு. விலை குறையக் குறையப் பனிக்கட்டி துறைமுக நகரங்களின் தெருக்களுக்கு இறங்கியது. மலாய்மொழி அதனை 'ஆயர் பத்து', அதாவது கல்நீர் என அழைத்தது. மழையோடு விழும் ஆலங்கட்டியை மட்டுமே அறிந்திருந்த தமிழரும் இப்புதுப்பொருளைக் கையிலேந்தும் காலம் வந்தது.

சர்பத்து: ஒரு சொல்லின் பயணம்

குடித்தல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்த சொல் சர்பத்து. மது விலக்கப்பட்ட இசுலாமிய நாடுகளில் பழச்சாறும் மலர்ச்சாறும் சர்க்கரையும் சேர்ந்த இனிய பானத்திற்கு அது பெயராயிற்று. துருக்கி வழியாக ஐரோப்பாவை அடைந்தபோது இத்தாலியிலும் பிரான்சிலும் அது உறைபனிப் பண்டமாக மாறி, சொர்பே என்னும் வடிவம் பெற்றது. மதுவுக்கு மாற்றாகப் பிறந்த பானம் அங்கு மதுவோடே கலக்கப்பட்டது. இன்றைய உறைந்த மதுக்கூழுக்கு முன்னோடி இச்சொர்பேயே எனலாம்.

இக்கூழின் இயல்பும் எளிதில் விளங்கக்கூடியது. நீர் 0 பாகையில் உறைகிறது. மதுசாரமோ −114 பாகையில்தான் உறையும். ஆகவே 12 விழுக்காடு மதுசாரமுள்ள திராட்சை மது ஏறத்தாழ −5 பாகையில் உறையத் தொடங்கினும், −18 பாகை உறைபெட்டியிலும் முழுதும் கல்லாகிவிடுவதில்லை. நீரின் பகுதி படிகமாகிப் பிரிய, மதுசாரமும் சர்க்கரையும் செறிந்த பகுதி திரவமாகவே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து குழைந்த நிலையே பனிக்கூழ். குளிர் நாவின் சுவையுணர்வை மழுக்குவதால் இதற்குக் கூடுதல் இனிப்புத் தேவைப்படுகிறது. 1937இல் வாரிங் அரவைப்பொறி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1971இல் டல்லாஸ் நகரில் மரியானோ மார்ட்டினெஸ் பனிக்குழைவு செய்யும் பொறியை உறைந்த மதுக்கலவைக்கு ஏற்ப மாற்றியமைத்தார். இவற்றால் இம்முறை வணிகமாக வளர்ந்தது.

சர்பத்து கிழக்கு நோக்கியும் பயணம் செய்தது. தமிழகத்தில் நன்னாரி வேரோடு சேர்ந்து நன்னாரி சர்பத்தாயிற்று. தமிழ் முஸ்லிம் வணிகரோடு கடல் கடந்து பினாங்கிலும் வேரூன்றியது.

தமிழ்த் தெருவின் சாளரம்

ஜார்ஜ் டவுனில் சௌராஸ்தா சந்தையை அடுத்துள்ள லெபோ தமிழ், அதாவது தமிழ்த் தெருவில் 'ஐஸ் திங்காப்' என்னும் பானம் விற்கப்பட்டுவந்துள்ளது. மலாய்மொழியில் திங்காப் என்பது சாளரம். கட்டடத்தின் சாளரம் வழியே பானத்தை நீட்டியதால் இப்பெயர் ஏற்பட்டது. 1919இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இக்கடையை நடத்திவந்தோர் இந்திய முஸ்லிம்கள். செந்நிறச் சர்பத்துப் பாகு, இளநீர், இளந்தேங்காய் வழுக்கை, ஊறவைத்த சப்ஜா விதை, பிசின், பனிக்கட்டி ஆகியன இதன் கூறுகள்.

இக்கலவையை நுணுகி நோக்கினால் பினாங்கின் வரலாறு முழுவதும் ஒரு குவளையில் அடங்கியிருப்பதைக் காணலாம். பாகு மேற்காசியாவிலிருந்து வந்த மரபு. சப்ஜா விதையும் பிசினும் உடற்சூடு தணிப்பன எனத் தமிழ் மருத்துவ வழக்கு கொள்பவை. பனிக்கட்டி மேலைத் தொழில்நுட்பத்தின் விளைவு. இளநீரும் வழுக்கையும் தென்னையின் கொடை. தோட்டத்தில் கள்ளைத் தந்த அதே தென்னை, நகரத்தில் சர்பத்துக்கு இளநீரைத் தந்தது. தோட்டத் தமிழனுக்குக் கிட்டாத பனிக்கட்டி இங்குச் சில காசுக்குக் கிடைத்தது. கூலியும் கடைச் சிப்பந்தியும் பள்ளிச் சிறுவரும் சமயவேறுபாடின்றி நின்று குடிக்கும் பானமாக அது விளங்கியது. தமிழ் முஸ்லிம்களும் சீனரும் தெருவோரங்களில் விற்ற செண்டோலும், துருவிய பனிக்கட்டியால் ஆன ஐஸ் கச்சாங்கும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

தண்ணீர்ப்பந்தல் அறமும் இதனோடு தொடர்புடையது. வழிச்செல்வோர்க்கு நீர் வழங்க நிலம் விடப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பினாங்கில் சித்திரை, வைகாசி என வரையறுத்த கோடை இல்லை. ஆண்டு முழுதும் வெப்பம் நிலவ, தைப்பூசக் காலமே மழை குறைந்த பருவமாக அமைகிறது. நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வழியெங்கும் எழும் பந்தல்களில் மோரும் பானகமும் சர்பத்தும் பனிக்கட்டியிட்டு வழங்கப்படுகின்றன. விலையின்றிக் குளிர்ச்சியைப் பகிரும் இவ்வழக்கம் பழைய அறத்தின் புதிய வடிவமாகும்.

கள்ளெதிர்ப்பும் தன்மானமும்

தோட்டங்களில் நிலைமை வேறாக இருந்தது. தூய கள் உடலுக்கு ஊட்டந்தரும் என்றும், கடையை மூடினால் தொழிலாளர் கள்ளச் சாராயமாகிய சம்சுவை நாடுவர் என்றும் நிர்வாகத்தினர் வாதிட்டனர். கள்ளுக்கடை இலாபம் தொழிலாளர் நலநிதியாகவும் பயன்படுத்தப்பட்டது. தொழிலாளி குடித்த காசிலேயே அவனுக்கு நலன் செய்யும் இம்முறையின் முரண்பாட்டைச் சீர்திருத்தவாதிகள் சுட்டிக்காட்டினர். 1929இன் இறுதியில் பெரியார் மேற்கொண்ட மலாயாப் பயணமும், 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்கும் இங்குள்ள சிந்தனையைத் தூண்டின.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வோடும், மேலாளர் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையோடும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாயிற்று. போருக்குப்பின் பினாங்கை அடுத்த கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியது. 1947இல் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் நேர்ந்த மோதல் அதன் உச்சம். கள்ளை மறுத்தல் ஒழுக்கச் சீர்திருத்தமாக மட்டும் நிற்காமல், தன் மாலைப்பொழுதையும் கூலியையும் தானே ஆளும் உரிமைக்குரிய போராட்டமாக விளங்கியதை மிதிவண்டிக் கோரிக்கை அருகே வைத்துப் பார்க்கும்போது உணரலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. ஒரு பானத்தின் மதிப்பை அதன் சுவை மட்டும் முடிவு செய்வதில்லை. அதைக் கெடாமல் காக்கும் காலமும், குளிர்விக்கும் வசதியும், விற்கும் அதிகாரமும் யாரிடம் இருந்தன என்பதே முடிவு செய்கிறது. குப்பியும் பனிக்கட்டியும் பெற்ற திராட்சை மது நாகரிகத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. இவ்விரண்டும் பெறாத கள் இழிவின் அடையாளமாயிற்று. கள்ளின் தீமையை மறுப்பது நம் கருத்தன்று. அத்தீமை இயற்கையானதன்று, அமைப்பால் வளர்க்கப்பட்டது என்பதே நாம் வலியுறுத்துவது.

கள்ளின் வரலாற்றை மட்டும் படித்தால் மலேசியத் தமிழர் குடியால் வீழ்ந்தவராக மட்டுமே தோன்றுவர். சர்பத்துக் குவளையையும் தண்ணீர்ப்பந்தலையும் சேர்த்துப் படித்தால், எட்டாத பொருளாக இருந்த குளிர்ச்சியைத் தெருவுக்குக் கொணர்ந்து எல்லா இனத்தார்க்கும் பகிர்ந்தளித்தவராகவும் தோன்றுவர். ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின் கட்டடங்கள் காக்கப்படுகின்றன. அக்கட்டடங்களின் நிழலில் பாகு காய்ச்சியோரின் செய்முறையும் சொல்வழக்கும் வாய்மொழியாகவே வாழ்ந்துவருகின்றன. தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு இவ்வணிகக் குடும்பத்து முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்விப்பராயின், நம் வரலாற்றின் விடுபட்ட ஓர் இயல் நிறைவுபெறும்.