அகதி கட்டிய மொல்

போன மாதம் ஒரு அலுவலாக, நான் முன்பு வேலை செய்த சிறு நகரம் ஒன்றுக்குப் போக வேண்டி வந்தது. ரொறன்ரோவிலிருந்து இரண்டரை மணித்தியால ஓட்டம். ஊரின் பெயர் வேண்டாம், ஒன்ராறியோவில் இப்படி எத்தனையோ ஊர்கள். 2010 இலிருந்து 2015 வரை அங்கிருந்த மொல்லில் ஒரு உணவகத்தில் வேலை செய்தேன். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு சமையலுக்கு ஏறினேன். இப்போது அந்த மொல்லின் பாதி பூட்டிக் கிடக்கிறது. ஒரு பல் வைத்தியர், ஒரு டொலர் கடை, ஒரு உடற்பயிற்சி நிலையம். கார் தரிப்பிடத்தின் வெடிப்புகளுக்குள்ளால் புல் முளைத்திருக்கிறது. ஐந்து நிமிட ஓட்டத்தில், நெடுஞ்சாலை ஓரமாக, கொட்டகை மாதிரிப் பெரிய கடைகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே 'பிக் பொக்ஸ்' என்பார்கள். கார் எல்லாம் அங்கேதான் நிற்கிறது.

வீட்டுக்கு வந்தும் மனம் கேட்கவில்லை. நூலகத்தில் இரண்டு மூன்று புத்தகம் எடுத்து வாசித்தேன். (யாழ் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கப் போய், 2006 இல் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு இரண்டாம் வருடத்தில் நின்றவன் நான். படிப்புத்தான் நின்றது, வாசிப்பு நிற்கவில்லை.) வாசித்தபோது முதலில் கண்ணில் பட்ட விசயம், மொல்லை உருவாக்கியவரும் ஒரு அகதி என்பதுதான்.

விக்ரர் குறூவன் வியன்னாவில் 1903 இல் பிறந்த யூதர். கட்டடக் கலைஞர், மேடையில் அரசியல் நையாண்டியும் செய்தவர். 1938 இல் நாசிகள் ஒஸ்ரியாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். அமெரிக்காவில் அவருக்குப் பிடிக்காமல் போனது கார். வியன்னாவில் சனம் நடந்து திரிந்து, கதைத்து, கோப்பி குடிக்கும் சதுக்கங்கள் இருந்தன. அமெரிக்கப் புறநகரில் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் தார் றோட்டு மட்டும். அந்தச் சதுக்கத்தைக் கூரை போட்டுக் கட்டினால் என்ன என்று அவர் யோசித்தார். 1956 ஒக்ரோபரில் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுக்க மூடி, உள்ளே ஒரே வெப்பநிலையில் வைத்திருந்த முதல் மொல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே சட்டையோடு நடக்கலாம். இந்த நாட்டு மாசி மாதத்தைக் கண்ட எங்களுக்கு அதன் அருமை விளங்கும்.

குறூவன் அந்த மொல்லைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பூங்கா எல்லாம் வரைந்து கொடுத்தார். கட்டியவர்கள் மொல்லையும் கார் தரிப்பிடத்தையும் மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள். அதோடு 1954 இல் அமெரிக்க வரிச் சட்டம் மாறியது. புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் வருடங்களிலேயே கூடுதலாகக் கழிக்கலாம் என்று வந்ததும், முதலாளிகள் தேவையோ தேவையில்லையோ மொல் கட்டத் தொடங்கினார்கள். குறூவன் வெறுத்துப்போய் 1968 இல் வியன்னாவுக்கே திரும்பினார். 1976 இல் வியன்னாவுக்கு வெளியிலும் ஒரு பெரிய மொல் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்குத் தான் தகப்பன் இல்லை என்ற கருத்துப்பட 1978 இல் இலண்டனில் பேசினார். 1980 இல் இறந்துபோனார்.

இனி கவனியுங்கள். சவுத்டேலைக் கட்டியது டேட்டன் என்ற துணிக்கடைக் குடும்பம். அதே டேட்டன் 1962 இல் ரார்கெற் என்ற மலிவுக் கடையைத் தொடங்கியது. மொல்லைப் பெற்ற வீட்டிலேயே மொல்லைத் தின்னும் பிள்ளையும் பிறந்தது! அதே 1962 இல்தான் கே-மார்ட்டும், வூல்கோவும், ஆர்கன்சோவின் றொஜர்ஸ் என்ற சிற்றூரில் சாம் வோல்ற்றனின் முதல் வோல்மார்ட்டும். பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களையே வோல்ற்றன் குறிவைத்தார். ஒரு களஞ்சியம், அதிலிருந்து ஒரு நாள் லொறி ஓட்டத்துக்குள் கடைகள், மலிவான காணி, ஒரே மாடி.

கனடாவுக்கு வோல்மார்ட் வந்தது 1994 இல், வூல்கோவின் 122 கடைகளை வாங்கிக்கொண்டு. அவற்றில் பல மொல்லுக்குள்தான் இருந்தன. 2006 இன் கடைசியில் ஒன்ராறியோவில் மரக்கறி, இறைச்சி, பால் எல்லாம் ஒரே கூரையில் விற்கும் பெரிய வோல்மார்ட்டுகள் தொடங்கின. அதற்கு மொல்லுக்குள் இடம் காணாது.

மொல் எப்படி ஓடுகிறது என்பதை எங்கள் உணவகத்து முதலாளி எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். இரண்டு முனையிலும் உள்ள பெரிய கடைகள் சதுர அடிக்குக் கொடுக்கும் வாடகை கொஞ்சம். நடுவில் இருக்கும் சப்பாத்துக் கடையும் நகைக்கடையும் எங்களைப் போன்ற உணவகமும்தான் கூடக் கொடுப்பது, பெரிய கடைக்கு வரும் சனம் எங்களைத் தாண்டித்தான் நடக்கும் என்ற நம்பிக்கையில். பெரிய கடை போனால் வாடகையைக் குறைக்கலாம், அல்லது விட்டுப் போகலாம் என்று சங்கிலிக் கடைகள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும். தனி முதலாளிக்கு அப்படி எழுதத் தெரியாது, தெரிந்தாலும் விடமாட்டார்கள்.

பெரிய கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. 1869 இல் தொடங்கிய ஈற்றன்ஸ் 1999 இல் முறிந்தது. செல்லர்ஸின் 220 வரையான கடைகளின் குத்தகையை 2011 இல் ரார்கெற் 182.5 கோடி டொலருக்கு எடுத்தது. 2013 இல் அவசரம் அவசரமாகத் திறந்தார்கள். தட்டுகளில் சாமான் இல்லை. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள், சுமார் 17,600 பேருக்கு வேலை போனது. 2018 ஜனவரியில் சியர்ஸ் கடைசிக் கதவையும் பூட்டியது. 1670 இல் உருவான ஹட்சன்ஸ் பே 2025 யூன் முதலாம் திகதியோடு கடைகளை முற்றாக மூடியது. குறூவனின் வீட்டுக்குள் பிறந்த கடை, கனடாவின் சிறு மொல்களை ஒருதரம் நம்ப வைத்து ஒருதரம் கைவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் மொல்லின் பெரிய கடையும் போனது. மதியச் சாப்பாட்டுக்கு வரும் சனம் குறைந்து, ஆறு மாதத்தில் முதலாளி கையை விரித்தார். கடைசிக் கிழமைச் சம்பளத்தைக் காசாகத் தந்துவிட்டு அழுதார். நான் ரொறன்ரோவுக்கு மாறினேன்.

ஆனால் வோல்மார்ட்டை மட்டும் திட்ட எனக்கு வாய் வராது. காலை எட்டு மணிக்கே மொல்லுக்குள் நடக்க வரும் வயோதிபர்களில் ஒருவர், நடந்து முடிய எங்களிடம் கோப்பி வாங்கிக்கொண்டு உட்காருவார். அவருடைய தகப்பனுக்குப் பிரதான வீதியில் சப்பாத்துக் கடை இருந்ததாம். 1970களில் இந்த மொல் வந்து அந்தக் கடையைக் கொன்றதாம். "பிறகு ஏன் இங்கே வாறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "வெளியே வழுக்கும், இங்கே வாங்கு இருக்கிறது" என்றார்.

இந்த முறை அவரைத் தேடினேன். நடைபாதையில் வாங்குகளே இல்லை, கழற்றிவிட்டார்கள். பல் வைத்தியரின் வரவேற்பில் இருந்த பிள்ளைக்கு அவரைத் தெரியவில்லை. நெடுஞ்சாலைக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே இருக்க ஒரு இடமும் இல்லை, இரண்டு முதியவர்கள் தள்ளுவண்டியில் சாய்ந்தபடி நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்ததுதான் வந்தேன் என்று அங்கேயே ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். ரொறன்ரோவை விட இரண்டு டொலர் மலிவு.