திரையிலிருந்து பிரிந்த குரல்

பேசும்படத்தைக் காணும்போது கண்ணும் செவியும் ஒருங்கே அதில் ஈடுபடுகின்றன. ஆதலால் காட்சியும் ஒலியும் ஒட்டிப் பிறந்தவை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இரண்டும் தனித்தனியே பிறந்து, பின்னர் ஒன்று சேர்ந்தன. சேர்ந்த பின்னும் ஒலி மட்டும் தனியே பிரிந்து மக்களின் இல்லங்களுக்கு வந்துகொண்டே இருந்தது. இன்று ஒருவர் தம் வீட்டுக் கணினியில் ஒரு திரைப்படத்தின் வசனத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறார் எனின், அவர் ஒரு நீண்ட வழக்கத்தைத் தொடர்கிறார் என்றே கொள்ள வேண்டும். அவ்வழக்கம் வளர்ந்த விதத்தையும் அதனால் விளைந்த பயனையும் இங்குச் சிறிது நோக்குவோம்.

1927ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் நியூயார்க் நகரில் 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படம் திரையிடப்பட்டது. அதன் ஒலி படச்சுருளில் இல்லை. 16 அங்குல அகலமுள்ள இசைத்தட்டுகளில் இருந்தது. ஒரு தட்டு ஒரு சுருளுக்கு, அதாவது ஏறத்தாழ 11 நிமிடங்களுக்கு, ஈடு கொடுத்தது. தட்டையும் சுருளையும் ஒரே இயந்திரம் சுழற்றியது. ஊசி சற்றே தவறினாலும் உதடு ஒன்று சொல்ல, ஒலி வேறொன்று சொல்லும். இத்தொல்லை நீங்க, ஒலியை ஒளிக்கோடாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்திலேயே பதிக்கும் முறை விரைவில் நிலைபெற்றது.

தட்டும் சுருளும் வேறாக இருந்தமையால் பிற்காலத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பல படங்களுக்குக் காட்சி எஞ்சியது, ஒலி காணாமற்போயிற்று. வேறு சிலவற்றிற்குத் தட்டு மட்டும் எஞ்சியது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பழைய இசைத்தட்டு சேகரிப்போர் சிலர் கூடி, தனியார் வீடுகளில் கிடந்த தட்டுகளைத் தேடிப் பிடித்துப் படங்களுடன் சேர்க்கும் பணியைத் தொடங்கினர். அதன் பயனாக, ஊமையாய்க் கிடந்த பல குறும்படங்கள் மீண்டும் பேசலாயின.

நம் நாட்டின் கதை இவ்வளவு நற்பேறு வாய்ந்ததன்று. இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பம்பாயில் வெளிவந்தது. அவ்வாண்டே அக்டோபர் 31ஆம் நாள், டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த 'காளிதாஸ்' சென்னையில் திரையிடப்பட்டது. இவ்விரு படங்களின் பிரதிகளும் இன்று கிடைக்கவில்லை. அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. நாளடைவில் தானே சிதைவது. ஒலி சுருளோடு ஒன்றியிருந்தமையால், சுருள் அழிந்தபோது குரலும் அழிந்தது. 'காளிதாஸ்' திரையில் ஒலித்ததை ஒலித்தபடி கேட்க இன்று நமக்கு வழியில்லை.

வீட்டில் இருந்தபடியே ஒலியைப் பதிவு செய்ய வகை செய்தது காந்த ஒலிநாடா. 1928ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் அதற்கு உரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் மேனாட்டு இல்லங்களில் அக்கருவி புகுந்தது. அதன் பயனை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1963ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 'டாக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியது. நாடாக்களை மீண்டும் பயன்படுத்த வேண்டிய சிக்கனத்தால், பழைய பகுதிகள் பலவற்றைப் பின்னர் அந்நிறுவனமே அழித்துவிட்டது. ஆயினும் காணாமற்போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று நம்மிடம் உள்ளது. எவ்வாறு? தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிவாங்கியை வைத்தோ, கம்பி இணைத்தோ, ஆர்வமுள்ள இளைஞர் சிலர் தத்தம் வீட்டில் அதைப் பதிந்து வைத்திருந்தனர். பெரிய நிறுவனம் கைவிட்டதை வீட்டு நாடா காத்தது.

தமிழ் மக்களும் படத்தின் ஒலியைத் தனியே நுகர்ந்தவர்களே. 1952இல் வெளிவந்த 'பராசக்தி', 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' ஆகியவற்றின் வசனங்கள் இசைத்தட்டுகளாகப் பரவின. திருவிழாப் பந்தல்களிலும் மணவீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கின. படத்தின் ஒலியைச் சுருக்கி, காட்சி விளக்கத்துடன் வழங்கிய 'ஒலிச்சித்திரம்' வானொலி நேயர்களின் நெஞ்சில் இடம்பெற்றது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், பின்னாளில் ஊருக்குச் சென்று திரும்பும் தமிழரின் பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் பக்கத்தில் இடம்பிடித்தது. தில்லியிலோ மும்பையிலோ வாழ்ந்த குடும்பத்தில், தெருவிலும் பள்ளியிலும் கேளாத தமிழைக் குழந்தைகள் கேட்க அதுவும் ஒரு வாயிலாயிற்று.

இனிக் கணினியின் காலம். கணினி ஒலியை எண்களாக்கிக் கொள்கிறது. 1982இல் வந்த குறுந்தட்டின் முறைப்படி, ஒரு நொடியில் 44,100 முறை ஒலியலை அளக்கப்படுகிறது. இரு செவிக்கும் உரிய ஒலியை இவ்வாறு பதிந்தால், ஒரு நிமிடத்திற்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள் தேவை. இரண்டரை மணி நேரப் படத்திற்கு ஏறத்தாழ 159 கோடி பைட்டுகள் ஆகும். 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' போன்ற ஒலி அட்டைகள் வீட்டுக் கணினிக்குச் செவியும் வாயும் அளித்தன. எனினும் இத்தனை எண்களை வைக்க அக்காலக் கணினிகளில் இடமில்லை. செவி உணராத நுண்கூறுகளைக் கழித்துச் சுருக்கும் எம்பி3 முறை 1990களில் வந்தபின், அதே படத்தின் ஒலி 15 கோடி பைட்டுகளுக்குள் அடங்கியது. 2000ஆம் ஆண்டில் 'ஆடாசிட்டி' என்னும் பதிவு மென்பொருள் விலையின்றிக் கிடைத்தது.

பதியும் வழியிலும் மாற்றம் ஏற்பட்டது. ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியை வைத்தால் மின்விசிறியின் இரைச்சலும் அடுக்களையின் பேச்சும் சேர்ந்தே பதியும். மாறாக, ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலியைக் கணினி தன்னுள்ளேயே மடக்கிப் பதிந்துகொள்ளுமாயின், வெளி ஓசை கலவாது. படக்கோப்பே கையில் இருந்தால் அதிலுள்ள ஒலித்தடத்தை மட்டும் பிரித்தெடுக்கலாம். அப்போது ஒலி சிறிதும் தேய்வதில்லை.

இவ்வசதிக்கு ஒரு வரம்பும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சொந்தப் பயனுக்கான நேரிய பயன்பாட்டை ஏற்கிறது. பிறர் படைப்பைப் படியெடுத்து விற்பதையோ ஊருக்கு வழங்குவதையோ ஏற்பதில்லை. உரிமையை மீறும் நோக்குடன் மின்னணுப் பூட்டுகளை உடைப்பது 2012ஆம் ஆண்டின் திருத்தத்தால் குற்றமாயிற்று. கலைஞரின் உழைப்பை மதிப்போர் இவ்வரம்பையும் மதித்தல் முறை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலரது இல்லங்களில் பழைய கேசட்டுகள் இன்னும் பரண்மேல் உறங்குகின்றன. அவற்றுள் வானொலியில் ஒருமுறை ஒலித்து மறைந்த நிகழ்ச்சியும் இருக்கலாம். பாட்டனாரின் இருமலும் இருக்கலாம். நாடாவின் காந்தப் பூச்சு உதிருமுன் அவற்றைக் கணினிக்கு மாற்றி, படத்தின் பெயர், பதிந்த ஆண்டு, பதிந்தவர் யார் என்னும் குறிப்புகளையும் உடன் எழுதி, இரண்டு இடங்களில் வைத்தல் நலம். குறிப்பில்லாத ஒலி, முகவரியில்லாத கடிதத்தை ஒக்கும். 'காளிதாஸ்' படத்தின் குரலைக் காக்க அன்று வீடுகளில் கருவி இல்லை. இன்று கருவி இருக்கிறது. வேண்டுவது கருத்து ஒன்றே.