ஒரே ஒரு குத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. படித்தது பி.காம். மெர்க்கண்டைல் லா என்று ஒரு பேப்பர் இருந்தது, அதில் வாங்கிய மார்க்கை வெளியே சொல்வதற்கில்லை. ஊரைப் பொறுத்தவரை பேங்க்கில் வேலை என்றால் சட்டம், வைத்தியம், பாஸ்போர்ட் எல்லாம் தெரியும். அப்படித்தான் 2013-ல் ஒரு ராத்திரி பெரியம்மாவிடமிருந்து நாக்பூருக்குப் போன் வந்தது.

கடைமடைப் பக்கம் எங்கள் ஊர். மடையைத் திறப்பதா அடைப்பதா என்ற சண்டை எங்களுக்குப் புதிதில்லை. அன்றைக்குப் பெரியப்பா மகனுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வாய்த்தகராறு முற்றி, அண்ணன் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பித் தலையில் ஒரு போடு போட்டுவிட்டார். ஒரே அடி. அவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 307 என்று போட்டிருந்த கேஸ் 302 ஆகிவிட்டது.

"தம்பி, அவன் கொல்லணும்னு அடிக்கலப்பா. உனக்குத் தெரியாதா அவனை?" என்று பெரியம்மா அழுதார்.

அடுத்த வாரம் இன்னொரு போன். இறந்தவருடைய மகன். பத்தொன்பது வயசு, ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவையும் நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "சித்தப்பா, ஒரு அடிதான் அடிச்சாங்க, அதனால கொலை இல்லைங்கிறாங்க. அப்படியா சட்டம்?"

இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்போது தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான், இன்றுவரை விடவில்லை.

மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் குற்றச் சட்டத்தின் நகலை 1837-லேயே கொடுத்துவிட்டது. அது ஆண்டுக்கணக்கில் தூங்கி, பார்ன்ஸ் பீக்காக் கையால் திருத்தப்பட்டு, 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் 299 'கல்பபிள் ஹோமிசைடு', அதாவது மரணம் விளைவிக்கும் குற்றம். 300 கொலை. எல்லாக் கொலையும் 299-க்குள் அடங்கும், 299-ல் வருவதெல்லாம் கொலை ஆகாது. சேவிங்ஸ் அக்கவுண்ட் எல்லாம் டெபாசிட்தான், டெபாசிட் எல்லாம் சேவிங்ஸ் இல்லை என்கிற மாதிரி.

ஆனால் இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலை சுற்றும். 'மரணம் ஏற்படக்கூடிய' காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்தால் 299. 'இயற்கையான போக்கில் மரணத்துக்குப் போதுமான' காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்தால் 300. வித்தியாசம் புரிகிறதா? எனக்கு முதல் நான்கு தடவை புரியவில்லை. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் பெரிய சட்ட மேதை, அவரே இந்தச் சட்டத்தின் பலவீனமான பகுதி இதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல்.

இந்த மெல்லிய கோட்டில் முதலில் விளக்கு வைத்தது 1876-ல் பம்பாய் ஹைகோர்ட். கோவிந்தா என்ற 18 வயசுப் பையன். மனைவிக்கு 15. அவளைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை வைத்து, முகத்தில் முஷ்டியால் இரண்டு மூன்று குத்து. மூளையில் ரத்தம் கசிந்து அவள் செத்துப்போனாள். சதாராவில் தூக்குத் தண்டனை. ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகளுக்கு ஒத்துப்போகாமல் விஷயம் மெல்வில் என்ற மூன்றாமவரிடம் போனது. சாவு எவ்வளவு நிச்சயம் என்பதுதான் கேள்வி என்றார் அவர். சாவு வரலாம் என்றால் 299, அநேகமாக வந்தே தீரும் என்றால் 300. கை முஷ்டிக் குத்து இரண்டாவது வகையில் சேராது என்று கோவிந்தாவைக் கயிற்றிலிருந்து இறக்கிவிட்டார். படிக்கும்போது அந்தப் பதினைந்து வயசுப் பெண்தான் என் கண்ணில் நின்றாள். தீர்ப்பில் அவளுக்கு இருப்பதெல்லாம் ஒரு வயசும் ஒரு காயமும்தான்.

நம் பக்கத்துக் கேஸும் ஒன்று உண்டு. பழனிக் கவுண்டன் வழக்கு, சென்னை ஹைகோர்ட், 1919. மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையில் அடித்தான். மயங்கி விழுந்தவளைச் செத்துவிட்டாள் என்று நினைத்து, தற்கொலை மாதிரித் தெரியட்டும் என்று உத்தரத்தில் தொங்கவிட்டான். அவள் உயிர் போனது கயிற்றில். அடித்தபோது கொல்லும் எண்ணமோ, சாவு வரும் என்ற அறிவோ இருந்ததாக நிரூபணமில்லை. தொங்கவிட்டபோது தன் கையில் இருப்பது பிணம் என்று நினைத்தான். பிணத்தைக் கொல்ல முடியுமா? ஆக கொலையும் இல்லை, 299-ம் இல்லை, கொடுங்காயம் மட்டும் என்று தீர்ந்தது. எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. 1943-ல் தவமணி வழக்கில் அதே கோர்ட், அடிக்கும்போதே கொல்லும் எண்ணம் இருந்திருந்தால், பிணம் என்று நினைத்துக் கிணற்றில் போட்டாலும் கொலைதான் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எண்ணம் எந்த நிமிஷத்தில் இருந்தது என்பது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும்.

அந்தப் பையனின் கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது 1958-ல். அதை எழுதியவர் இந்த நாக்பூர்க்காரர் என்பது எனக்குக் கூடுதல் ஆச்சரியம். விவியன் போஸ். இங்கே சிவில் லைன்ஸில் கும்மட்டம் வைத்த ஹைகோர்ட் கட்டடத்தை நம் குழந்தைகள்கூட ஸ்கூல் பஸ்ஸில் பார்த்திருக்கும். அது தனி நாக்பூர் ஹைகோர்ட்டாக இருந்த காலத்தில் அவர் தலைமை நீதிபதி. (காமர்ஸ்காரர்களுக்கு டால்மியா-ஜெயின் கம்பெனிகள் மீதான விவியன் போஸ் கமிஷன் ஞாபகம் வரும், அதே போஸ்தான்.) சுப்ரீம் கோர்ட்டிலிருந்து 1956-ல் ஓய்வு பெற்றவரை அடுத்த வருஷம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்படி வந்திருந்தபோது எழுதியதுதான் வீர்சா சிங் வழக்குத் தீர்ப்பு.

பஞ்சாப், 1955 ஜூலை. வீர்சா சிங்குக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ வயசு. ஒருவரின் அடிவயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. குடல் வெளியே வந்துவிட்டது. மறுநாள் சாவு. செஷன்ஸ் நீதிபதியே, இவன் கொல்ல நினைத்திருப்பான் என்று தோன்றவில்லை, முட்டாள்தனமாகச் சற்று வேகமாகக் குத்திவிட்டான் என்றுதான் எழுதினார். ஆனாலும் 302. அதை வைத்துத்தான் சுப்ரீம் கோர்ட்டில் வாதம்: கொல்லும் எண்ணம் இல்லையென்றால் எப்படிக் கொலை?

போஸ் அந்தக் கேள்வியையே மாற்றினார். கொல்ல நினைத்தானா என்று கேட்க வேண்டாம். உடம்பில் என்ன காயம்? அந்தக் காயத்தை, அந்த இடத்தில், வேண்டுமென்று செய்தானா, அல்லது கை தவறியோ, வேறெங்கோ ஓங்கியதோ? இதுவரைதான் குற்றவாளியின் மனசு. அதற்குப் பிறகு, அந்தக் காயம் சாவுக்குப் போதுமானதா என்பது டாக்டர் சொல்வதை வைத்து நீதிமன்றம் முடிவு செய்வது. அது போதுமானது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இப்படிக் காயம் செய்துவிட்டு, சாவான் என்று நினைக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் லைசென்ஸ் கிடையாது என்பது அவர் கருத்து. ஒரே குத்து, கொலைதான்.

கழுத்து, நெஞ்சு மாதிரி இடத்தில் பட்டால்தான் என்றும் இல்லை. ஆந்திராவில் ஒரு பெரியவரை பஸ்ஸிலிருந்து இறக்கி, கை கால்களில் மட்டும் தடியால் அடித்தார்கள். 19 காயங்கள், மறுநாள் சாவு. ஹைகோர்ட் 304-ன் இரண்டாம் பகுதிக்கு இறக்கியதை 1976-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் 302-க்கு ஏற்றியது. ராயவரப்பு புன்னய்யா வழக்கு.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு ஓடியது: "சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழச்சிருப்பாரு." இதற்கும் 1860-லேயே 299-ல் ஒரு விளக்கம் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். நல்ல வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது அடித்தவனுக்கு உதவாது.

ஆகவே பையனிடம் சொன்னேன்: "ஒரு அடின்னா கொலை இல்லைன்னு சட்டம் இல்லைப்பா. யார் சொன்னாலும் தப்பு." பெரியம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. சொன்னபோது மறுபாதியையும் சேர்த்துத்தான் சொன்னேன். 300-க்கு விதிவிலக்குகள் உண்டு. முன்யோசனை இல்லாத திடீர்ச் சண்டை, ஆத்திர வேகம், கொடூரமாக நடந்துகொள்ளாதது, இதெல்லாம் சேர்ந்தால் கொலை கீழே இறங்கும். 2006-ல் புலிச்செர்லா நாகராஜு வழக்கில் சுப்ரீம் கோர்ட் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆயுதத்தைக் கொண்டு வந்தானா, இருந்த இடத்தில் எடுத்தானா, எவ்வளவு பலமாக அடித்தான், பழைய பகை உண்டா, இப்படிப் போகும். வயலில் நிற்கிற விவசாயி கையில் மண்வெட்டி இருப்பது இயல்பு. அதே மண்வெட்டியை வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருந்தால் கதை வேறு.

2016-ல் தீர்ப்பு. 304-ன் இரண்டாம் பகுதி, ஏழு வருஷம். இரண்டு வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று அம்மா சொன்னார்.

2024 ஜூலை 1 முதல் இந்த எண்களெல்லாம் மாறிவிட்டன. பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 இப்போது 100, 300 என்பது 101, தண்டனைகள் 103, 105. வாசகங்கள் ஏறத்தாழ அதேதான். 105-ன் முதல் பகுதியில் ஆயுள் தண்டனை இல்லையென்றால் குறைந்தது ஐந்து வருஷம் என்று வைத்திருக்கிறார்கள், அது புதுசு.

அந்தப் பையனுக்கு இப்போது திருப்பூரில் வேலை, கல்யாணமாகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் "சித்தப்பா" என்று போன் வரும். அண்ணன் வெளியே வந்தது 2022-ல். அதற்கடுத்த பொங்கலுக்கு மட்டும் வரவில்லை. நானாகக் கூப்பிட்டேன். எடுத்தான். மழை, விளைச்சல், குழந்தைக்குக் காது குத்தியது எல்லாம் பேசினான். மடை இப்போது யார் பொறுப்பில் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.