கணினிக்குச் சோறிடும் பெட்டி

அரசர்களின் வெற்றிகளை ஏடு ஏடாக எழுதி வைத்தவர்கள், அவ்வரசர்களின் படைகளுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் எழுதாது விட்டனர். கணினியின் வரலாற்றிலும் இக்குறை உண்டு. மூளையாகிய செயலியையும், கண்ணுக்கு விருந்தளிக்கும் கிராபிக்ஸ் அட்டையையும் பற்றிப் பேசுவோர் பலர்; இரண்டுக்கும் மின்சாரம் ஊட்டிக்கொண்டு மூலையில் கிடக்கும் இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கடைகளில் 'பவர் சப்ளை' என வழங்கும் அம்மின்வழங்கியின் வரலாறு, இன்றைய இளைஞர் பலருக்குப் பணமும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட ஒன்றாகும். கணினி விளையாட்டுக்கென ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய புதிய அட்டையைப் பழைய மின்வழங்கி தாங்குமா? இக்கேள்வி நேற்று முளைத்ததன்று.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. நொடிக்கு 50 சுற்றுகள் மாறி மாறிப் பாய்வது. கணினிக்கோ ஒரே திசையில் பாயும் சில வோல்ட் மின்சாரமே வேண்டும். பழைய முறையில் இம்மாற்றத்தைச் செய்யக் கனத்த மின்மாற்றி தேவைப்பட்டது. மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக வீணாயிற்று. நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பினால் சிறிய மின்மாற்றியே போதும் என்ற முறை விண்வெளிக் கருவிகளில் முன்பே கையாளப்பட்டு வந்தது. 1977 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்காக ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் அம்முறையில் 38 வாட் மின்வழங்கி ஒன்றை அமைத்தார். விசிறியின்றி இயங்கிய அச்சிறு பெட்டி, கணினி வீட்டு மேசைக்கு வருவதற்கு வழிதிறந்தவற்றுள் ஒன்று எனலாம்.

முதல் தட்டுப்பாடு

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் மின்வழங்கி 63.5 வாட் ஆற்றலுடையது. இத்தொகையைப் பிரித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். 5 வோல்ட் வழியில் 7 ஆம்பியர், ஆகவே 35 வாட், 12 வோல்ட் வழியில் 2 ஆம்பியர், ஆகவே 24 வாட், எஞ்சிய 4.5 வாட் வேறு இரு சிறு வழிகளில். வன்தட்டின் மோட்டார் சுழல்வது 12 வோல்ட் மின்சாரத்தால். நெகிழ்தட்டு இயக்கிகளுக்கும் அதே 24 வாட்டிலிருந்துதான் பங்கு. வன்தட்டுக்கு இடம் ஏது?

1983 ஆம் ஆண்டில் வன்தட்டுடன் வந்த எக்ஸ்.டி. கணினிக்கு ஐ.பி.எம். 130 வாட் மின்வழங்கியைக் கொடுத்தது. பழைய கணினியை வைத்திருந்தோருக்கு, தனக்கெனத் தனி மின்வழங்கியுடைய விரிவாக்கப் பெட்டி ஒன்றையும் விற்றது. உறுப்பைக் கூட்டுமுன் உணவைக் கூட்ட வேண்டும் என்னும் பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு

அடுத்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாதது. 1990களில் செயலிகள் பெரும்பாலும் 5 வோல்ட் வழியிலிருந்தே தங்கள் ஆற்றலைப் பெற்றன. செயலிகளின் பசி வளர்ந்தபோது கம்பிகள் சூடேறத் தொடங்கின. 60 வாட் ஆற்றலை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்பியர் வேண்டும்; 12 வோல்ட்டில் அனுப்ப 5 ஆம்பியர் போதும். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், முதல் வழியில் இழப்பு ஏறத்தாழ 6 மடங்கு. இதனாலேயே 2000 ஆம் ஆண்டில் பென்டியம் 4 செயலியுடன் 12 வோல்ட்டுக்கெனத் தனிச் செருகி வந்தது. 2003 ஆம் ஆண்டின் திருத்திய இலக்கணம் மின்வழங்கியின் ஆற்றலில் பெரும்பங்கை 12 வோல்ட் வழிக்கு மாற்றியது.

இதன் விளைவு யாது? இரு பெட்டிகளின் மேல் '400 வாட்' என ஒன்றுபோல எழுதியிருக்கலாம். ஆயினும் 5 வோல்ட் வழியில் பெருஞ்செல்வம் வைத்திருக்கும் பழைய பெட்டி, 12 வோல்ட் கேட்டு வரும் புதிய அட்டைக்கு முன் ஏழையாக நிற்கும்.

கிராபிக்ஸ் அட்டைகளின் பசியும் இதே காலத்தில் பெருகியது. 2000 ஆம் ஆண்டின் வூடூ5 5500 அட்டை, தாய்ப்பலகை தரும் மின்சாரம் போதாமல், வட்டுகளுக்குரிய செருகியிலிருந்து நேரே மின்சாரம் பெற்றது. 2004 ஆம் ஆண்டின் ஜீஃபோர்ஸ் 6800 அல்ட்ரா அட்டைக்கு அத்தகைய செருகிகள் இரண்டு தேவைப்பட்டன. 480 வாட் மின்வழங்கி வேண்டும் என்று அதன் நிறுவனமே கூறிற்று. பின்னர் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறையில் பலகைத் துளை 75 வாட் வரை தரும். 6 முனைச் செருகி மேலும் 75. 8 முனைச் செருகி 150.

அண்மைக்காலப் பாடம்

2022 ஆம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையின் தேவை 450 வாட். அதற்கு அமைந்த ஒற்றைச் செருகி 600 வாட் வரை தரவல்லது. 600 வாட் என்பது 12 வோல்ட்டில் 50 ஆம்பியர்; ஆறு கம்பிகளில் பகிர்ந்தால் கம்பி ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல். பழைய 8 முனைச் செருகியிலோ மூன்று கம்பிகளில் தலைக்குச் சுமார் 4 ஆம்பியரே பாய்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் செருகிகள் உருகிய செய்திகள் வரத் தொடங்கின. முழுமையாக அழுத்திச் செருகாமையே பல நேர்வுகளில் காரணம் எனக் கண்டனர். 2023 ஆம் ஆண்டில் செருகியின் முனைகள் திருத்தப்பட்டன. சரியாகப் பொருந்தாவிடில் மின்சாரம் பாயாதிருப்பதே அதன் நோக்கம்.

வேறொரு நுட்பமும் அப்போது வெளிப்பட்டது. அட்டையின் சராசரித் தேவை ஒன்று. கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த பொழுதில் அது கேட்கும் தேவை வேறு. 2022 ஆம் ஆண்டின் ஏ.டி.எக்ஸ். 3.0 இலக்கணம், குறித்த ஆற்றலின் இரு மடங்கை ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்குமாறு பெரிய மின்வழங்கிகளைப் பணித்தது. கூட்டிப் பார்த்த கணக்கு சரியாக இருந்தும், விளையாட்டின் நடுவே கணினி திடீரென அணைந்து போவதற்கு இத்தகைய பாய்ச்சல் ஒரு காரணமாகும்.

2025 ஆம் ஆண்டின் ஆர்.டி.எக்ஸ். 5090 அட்டை ஒன்றே 575 வாட் கேட்கிறது. 1981 ஆம் ஆண்டின் ஐ.பி.எம். மின்வழங்கிகள் ஒன்பதைக் கூட்டினாலும் 571.5 வாட்தான்!

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்றனர் முன்னோர். மின்வழங்கியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்காமல், அதன் பக்கத்தில் ஒட்டிய சிறு அட்டவணையில் 12 வோல்ட் வழியின் ஆம்பியரைப் பார்த்து 12 ஆல் பெருக்குவதே முதற்பணி. அட்டை கேட்கும் செருகிகள் உண்டா, திடீர்ப் பாய்ச்சலுக்கு இடம் விட்டிருக்கிறதா, மின்தேக்கிகள் உலர்ந்துபோகும் அளவுக்குப் பெட்டி முதுமையுற்றதா என்பன அடுத்து நோக்கத்தக்கவை. இவற்றைப் பாராது மலிவான பெட்டியை நம்புவோர், அது பழுதுறும் நாளில் விலையுயர்ந்த அட்டையையும் சேர்த்து இழக்க நேரலாம். படையைப் பெருக்குமுன் களஞ்சியத்தை அளந்து பார்த்த அரசனே நெடுநாள் ஆண்டான்.