மகிழடியும் மணற்கரையும்: வடசென்னையின் இளைப்பாறுமிடங்கள்

நெய்தல் நிலத்துக்குத் தொல்காப்பிய மரபு வகுத்த உரிப்பொருள் இரங்கல். ஆயினும் அந்நிலத்தை இலக்கியம் இளைப்பாறுமிடமாகவும் கண்டிருக்கிறது. புன்னையின் நிழலும் கானற்சோலையின் வெண்மணலும் இன்றி நெய்தற்பாட்டு இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடல்விளையாட்டுக் காணச் சென்று, புன்னை நீழலில் அமர்ந்தே யாழிசைக்கின்றனர். களிப்புக்கென அமைந்த அந்த மாலைப்பொழுதே பிரிவுக்கும் வாயிலாகிறது. இளைப்பாறலும் இரங்கலும் ஒரே மணலில் நிகழ்வன என்பதைக் காவியம் அங்கே உணர்த்திவிடுகிறது. வடசென்னைக் கடற்கரையின் வரலாற்றைக் கற்போர்க்கு இது வெறும் இலக்கியச் செய்தியாக நின்றுவிடுவதில்லை.

சென்னைக்கு வருவோர் மாலையில் சற்றே அமர்ந்து காற்று வாங்கும் இடம் எது என்று கேட்டால், எவரும் மெரினாவைச் சுட்டுவர். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் பெயர்களைக் கேட்டால் கப்பலும் கன்டெய்னர் லாரியும் புகைபோக்கியுமே நினைவில் எழும். ஆனால் மெரினா என்னும் பெயர் தோன்றுவதற்குப் பன்னூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே, இப்பகுதியில் மக்கள் மனம் ஆறச் சென்ற திசை வடக்கேயாகும். அத்திசை எப்போது மாறியது, எதனால் மாறியது என்பது ஆராயத்தக்கது.

திருவொற்றியூரிலிருந்து தொடங்குவதே முறை. ஊழி வெள்ளத்தை இறைவன் ஒற்றிப் போகுமாறு செய்த தலமாதலின் ஒற்றியூர் எனப் பெயர் பெற்றது என்று தலபுராண மரபு கூறும். கடல் நெருங்காமல் விலகி நின்ற ஊர் என்பது பொருள். இப்பெயர்க் காரணத்தைப் படிப்போர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் செய்தி இதனோடு முரண்படும்.

கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே மாண்டான். அவனுடைய உற்ற நண்பனும் படைத்தலைவனுமாகிய கேரள நாட்டு வல்லபன் அன்று அவனருகே இல்லை. உடன் இறக்கவில்லையே என்னும் துயரம் அவனை வாட்டியது. கங்கையாடித் துறவு பூண்டு, இறுதியில் அவன் வந்தடைந்த இடம் திருவொற்றியூர். சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் அவ்வூர் மடத்தின் தலைவராய் அவர் விளங்கியதை, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்து வடமொழிக் கல்வெட்டு அங்கேயே பதிந்து வைத்துள்ளது. தோற்ற படையின் தலைவன் ஒருவன், வென்ற அரசனின் ஆட்சிக் காலத்திலேயே, கடற்கரை மடமொன்றில் ஆறுதல் பெற்று வாழ்ந்தான் என்பது நம் வரலாற்றில் அரிதாகக் கிட்டும் செய்தி. நூல்கள் போரை விரித்துரைக்கும் அளவுக்கு அந்த மடத்தின் அமைதியை விரித்துரைப்பதில்லை என்பது ஒரு குறையே.

இக்கோயிலின் மகிழமரம் தமிழ் இலக்கியத்தில் தனி இடம் பெற்றது. சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்தது அம்மரத்தடியில்தான். சூளுறவின்போது இறைவன் கருவறையை விட்டு மகிழின்கீழ் அமர வேண்டும் எனச் சுந்தரர் வேண்டிக்கொள்ள, இறைவனோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சூள் பெறுமாறு சொல்லிவிடுகிறான். சேக்கிழாரின் நகைச்சுவை உணர்வுக்கு இப்பகுதி நல்ல சான்று. பின்னர் வேனிற்காலத் தென்றல் வீசவும் ஆரூர் நினைவு மேலிட, சுந்தரர் ஒற்றியூரின் எல்லையைக் கடந்து கண்ணொளி இழக்கிறார். காற்று வாங்கிய இடத்திலேயே காற்று அவரைக் காட்டிக்கொடுத்தது எனலாம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்னும் பெயரில் அந்நிகழ்ச்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இம்மரத்தடி கற்பனைக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் இராசாதிராச சோழன் பங்குனி உத்திரத் திருவிழாவின்போது இங்கே வந்து, மகிழின் கீழ் ஆளுடைய நம்பியின் புராணம் கேட்டான் எனக் கல்வெட்டு கூறுகிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரரே. கதை நிகழ்ந்த மரத்தடியிலேயே கதையைக் கேட்ட அரசனைக் கவிஞர்கள் பொறாமையோடு எண்ணிப் பார்க்கலாம். இதே கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கெனத் தனி மண்டபமும் இருந்தது. நிழல், பாட்டு, பாடம் மூன்றும் ஒரு வளாகத்துக்குள் அமைந்திருந்தன. பிற்காலத்தார் பூங்கா என்று பெயரிட்டு வேலியிட்டு அமைத்ததை, முற்காலத்தார் கோயிற் சூழலுக்குள்ளேயே பெற்றிருந்தனர்.

நடந்து வந்தோரின் ஊர் இது. பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைத் துறந்து அலைந்து, ஒற்றியூர்க் கடற்கரையில் வந்து அடங்கினார் என்பது மரபு. அவரது சமாதி கடலருகே உள்ளது. இராமலிங்க அடிகள் இளமையில் ஏழுகிணற்றுப் பகுதியிலிருந்து பல கல் தொலைவு நடந்து இங்கே வந்து வழிபட்டார். ஒருநாள் இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பி, கதவைத் தட்ட மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்திருந்தவருக்கு, வடிவுடையம்மையே அண்ணியார் வடிவில் வந்து அமுதூட்டினாள் என்று அடியார்கள் சொல்வர். தொன்மம் எதுவாயினும், அதில் வரும் திண்ணை வரலாற்று உண்மை. வழிப்போக்கர்க்கும் நேரங்கழித்து வந்தோர்க்கும் தலைசாய்க்க வீட்டுக்கு வெளியே ஓர் இடம் வைத்துக் கட்டிய நகரம் அது. திருவையாற்றுத் தியாகராசரும் தம் மாணாக்கர் வீணைக் குப்பையரின் அழைப்பை ஏற்று இவ்வூரில் தங்கி, திரிபுரசுந்தரிமீது ஐந்து கீர்த்தனைகள் பாடியருளினார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என அவை வழங்குகின்றன.

ஒற்றியூருக்கு வடக்கே எண்ணூர். அங்கே இளைப்பாறியோர் வேறு வகையினர். கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அதனையொட்டிய காயலும், அலையாத்திக் காடுகளும் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரை ஈர்த்தன. படகோட்டவும் மீன் பிடிக்கவும் அவர்கள் அங்கே சென்று தங்கினர். வழியை எளிதாக்கியது கால்வாய். பேசில் காக்ரேன் என்னும் வணிகர் 1806இல் முடித்த, சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான ஏறத்தாழ 11 மைல் நீளக் கால்வாயே, பின்னாளில் நீட்டிக்கப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் நகருக்கு வந்த அதே நீர்வழியில், துரைமார் காற்று வாங்க எதிர்த்திசையில் சென்றனர். உப்பளத்தில் கால் வெந்து நின்றவர்க்கும் படகில் குடை விரித்துச் சென்றவர்க்கும் எண்ணூர் ஒரே ஊராய் இருந்திருக்க முடியாது.

1856இல் இராயபுரத்தில் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. தென்னகத்தின் முதல் வண்டி அங்கிருந்து வாலாசா ரோடு நோக்கிப் புறப்பட்டது. தூண்கள் நிரை நிரையாய் நின்ற அந்நிலையம், கடற்காற்று எட்டும் தொலைவில் அமைந்தது. மேற்கிலிருந்து வண்டியில் வந்திறங்கியவர்க்குச் சென்னை என்பது முதலில் இராயபுரமாகவே காட்சியளித்தது. 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்த பின்னர் அந்த முதன்மை படிப்படியாகப் போயிற்று.

போனது அதுமட்டுமன்று. 1875 டிசம்பரில், அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டு சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் நீண்ட கற்சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். இக்கற்சுவர்களின் விளைவைப் புரிந்துகொள்ள இக்கரையின் இயல்பை அறிதல் வேண்டும். சோழமண்டலக் கரையோரம் கடல் மணலைச் சுமந்து செல்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் மணல் நகரும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. அலை ஓரிடத்து மணலை அரித்தால், தெற்கிலிருந்து வரும் மணல் அவ்விடத்தை நிரப்பிவிடும். கரை நிலையாக இருப்பதுபோல் தோன்றுவது இந்த ஓயாத வரவு செலவினால்தான். துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தின் குறுக்கே நின்றது. மணல் தெற்கே தேங்கியது. முன்னர்க் கோட்டைச் சுவரருகே வரை வந்து மோதிய கடல், விலகி விலகிச் சென்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டப், அவ்வாறு அகன்றுவந்த கரையில் உலாவும் சாலை அமைத்து, அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். சேர்ந்த மணல் துறைமுக வாயிலையே அடைக்கத் தொடங்கியதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் புதுவாயில் அமைக்கவும் நேர்ந்தது.

வடக்கே நிகழ்ந்தது இதன் மறுதலை. வரவேண்டிய மணல் வராமையால், அலை எடுத்ததை ஈடுசெய்ய எதுவும் இல்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகள் ஆண்டுதோறும் தேய்ந்தன. குடிசைகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. வலை உலர்த்தவும், கட்டுமரம் ஏற்றி வைக்கவும், மாலையில் குழந்தைகள் ஓடியாடவும் இருந்த மணல்வெளி மறைந்து, கருங்கற் குவியல் அவ்விடத்தைப் பிடித்தது. ஒற்றிப் போன கடல், ஊரை ஒட்டி வந்தது. நகரத்தின் தென்பாதி அமர்ந்து களிக்கும் மணலில் ஒரு பகுதி வடபாதியின் பங்கு என்று சொன்னால் அது கவிதை மிகையன்று, கரையியல் உண்மை. மெரினாவைப் போற்றும் நூல்கள் கிராண்ட் டப்பின் அழகுணர்ச்சியைப் பாராட்டி முடித்துவிடுகின்றன. அவர் செய்ததை விடச் சுவர் செய்தது மிகுதி.

மணல் பறிபோன காலத்திலேயே இன்னொரு வகை வறட்சியும் தொடங்கியது. நிழல் இருப்பினும் அதில் அமர நேரம் வேண்டும். ஆலைச் சங்குக்கு உட்பட்ட வாழ்வில் இளைப்பாறல் என்பது இடத்தைப் பொறுத்தது மட்டுமன்று, பொழுதைப் பொறுத்தது. 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க்கரையிலும் நடத்திய கூட்டங்கள், அந்நாளைத் தொழிலாளர் விடுமுறையாக்கக் கோரின. மீனவர் குலத்தில் பிறந்த அவர் ஓய்வுரிமையைக் கடற்கரை மணலில் நின்று கேட்டது பொருத்தமே. பூங்காக்களும் இவ்வாறே பொருள் மாறின. ஆளுநர் டிரெவெலியன் முயற்சியில் உருவான மக்கள் பூங்காவை விக்டோரியா மண்டபமும் மூர் அங்காடியும் மாநகராட்சி மாளிகையும் ஒவ்வொன்றாய் வந்து விழுங்கின. இராயபுரத்தின் இராபின்சன் பூங்காவோ வேறு வகையில் வரலாறு பெற்றது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அங்கே திரண்ட கூட்டத்தின்முன் அறிஞர் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கத்தை அறிவித்தார். அப்பூங்கா இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. காலாற நடக்க அமைத்த இடம், நின்று கேட்கும் இடமாயிற்று. வடசென்னைத் தொழிலாளிக்குப் பூங்காவிலும் பேச வேண்டியது நிறைய இருந்தது.

விடுதலைக்குப் பின் எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், டயர், தீப்பெட்டித் தொழிற்சாலைகளும் பெருகின. பல்லாயிரம் குடும்பங்கள் அவற்றால் உண்டு வாழ்ந்தன. அதனை மறுத்துப் பேசுதல் அறமன்று. ஆனால் எண்ணூர்க் காயலின் கதை துயரமானது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. 1990களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து, கொசத்தலையாற்றின் படுகையில் படிந்தது. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் கரையின் போக்கை மேலும் மாற்றியது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியே வந்த எண்ணெய்க் கழிவு, முகத்துவாரத்தில் மீனவர் படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் கரியாய் ஒட்டியது. துரைமார் காற்று வாங்கச் சென்ற அதே நீர்வழி அது.

டி.எம். கிருஷ்ணா 2017இல் இக்காயலைப் பற்றிப் பாடி வெளியிட்ட ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கவிஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. யாருக்கும் உரிமையில்லாத நிலம் என்று இழிபொருளில் வழங்கிவரும் சொல்லை, எல்லோருக்கும் உரிய நிலம் என்னும் பழம்பொருளுக்கு அது மீட்க முயன்றது. கோயிற் சூழலும், திண்ணையும், வலை உலர்த்தும் மணலும் அவ்வகை நிலமே.

கரையைக் காக்க இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலுக்குள் கல் அடுக்கித் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. துறைமுகச் சுவர் பெரிய அளவில் செய்ததை இவை சிறிய அளவில் செய்கின்றன. ஒவ்வொரு வளைவும் நகரும் மணலில் சிறிதைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் வளைவுகளுக்கிடையே சில இடங்களில் புதுமணல் சேர்ந்திருக்கிறது. அத்தகைய ஒரு மணற்பரப்பைக் காசிமேட்டார் அருகிலுள்ள காவல் நிலையத்தின் எண்ணைக் கொண்டு ‘என்4 கடற்கரை’ என்கின்றனர். ஆளுநர் எவரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை. 2021 முதல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை செல்வதால், வெளியூரார் இப்பகுதியை அடைவதும் எளிதாயிற்று. கன்டெய்னர் லாரிகள் நிரையாய்ச் செல்லும் சாலையைக் கடந்து கற்குவியலுக்கு அப்பால் இறங்கினால், மாலை வேளைகளில் அந்த மணலில் குடும்பங்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம்.